லாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பின் வணிகப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் கதை வந்திருந்தது. வேலையை விட்டார், நகையை அடகு வைத்தார், மனம் தளரவில்லை, இன்று நாற்பது கிளை. கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படமும் இருந்தது. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் கட்டுரையை இரண்டு தரம் படித்தும் ஒரு டீக்கு எவ்வளவு பால் ஊற்றுகிறார், பாலை என்ன விலைக்கு வாங்குகிறார், ராத்திரி மிஞ்சுகிற பாலை என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடையைப் பற்றி ஒரு முழுப் பக்கம், அதில் பால் இல்லை.

நான் வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1979இல் சேர்ந்தேன், 2013இல் வெளியே வந்தேன். தென் மாவட்டத்தில் எந்த நிலையம் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். நாடகம், மாதர் நிகழ்ச்சி, பள்ளி ஒலிபரப்பு என்று எல்லாம் பார்த்திருந்தாலும், பதினெட்டு வருஷம் விடாமல் செய்தது வாரம் ஒரு நாள் பத்து நிமிஷ நிகழ்ச்சி. ஒருவர், அவர் தொழில், அவர் கணக்கு. அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நானும் உங்கள் நிருபர் மாதிரிதான் கேட்டேன். "எப்படி முன்னுக்கு வந்தீங்க?" என்றால் முதலாளிகள் அப்பா அம்மா ஆசீர்வாதம் என்றார்கள். "லாபம் எவ்வளவு?" என்றால் எல்லோருக்கும் ஒரே பதில். "என்னத்த லாபம் டீச்சர், வாய்க்கும் கைக்கும் சரியாப் போகுது." (தோளில் பை மாட்டிய பொம்பளை என்றால் எங்கள் பக்கம் டீச்சர்தான். கடைசி வரை திருத்தவில்லை.)

1991 என்று நினைவு. ஒரு காய்கறிக்கார அம்மாளிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "இன்னைக்குக் காலையில கடை விரிக்கும்போது கையில எவ்வளவு இருந்துச்சு?" பட்டென்று வந்தது பதில். "நூத்தி எம்பது."

அது யார் பணம்? வாங்கியது. எவ்வளவு திருப்ப வேண்டும்? சாயங்காலம் இருநூறு. "அப்ப ஒரு நாளைக்கு இருபது ரூபா வட்டியா?" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வட்டியெல்லாம் இல்ல டீச்சர். எரநூறு குடுப்பாங்க. முதல்லயே இருபதைப் புடிச்சுக்கிடுவாங்க."

அந்த வரியை நான் வெட்டவில்லை, விளக்கவும் இல்லை. அப்படியே போட்டேன். அடுத்த வாரம் வந்த அஞ்சலட்டைகளைக் கட்டிவைக்க ரப்பர் வளையம் போதவில்லை. அப்போது அட்டை பதினைந்து பைசா. ஒரு கணக்கு வாத்தியார், 180க்கு 20 என்றால் நாளைக்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் என்று வகுத்துக் காட்டியிருந்தார். பெயர் போடாத ஓர் அட்டைதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நான் அந்தப் பணம் கொடுக்கிறவன். மழை பேஞ்சா அவ கடை போடமாட்டா. அன்னைக்கு எம் பணம் எங்க போகும்னு நீங்க ஏன் கேக்கல?"

கேட்டிருக்க வேண்டும்தான். மார்க்கெட்டில் நாலு பேர் மூலமாகச் சொல்லி அனுப்பி, ஒரு வழியாக அவர் வந்தார். பெயர் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசினார். காலையில் அவர் கையிலிருந்த பணமும் அவருடையது இல்லை. அவருக்கும் மேலே ஒருவர். அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டவர்கள் அவரை மன்னித்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கட்டுக் கீரையின் விலைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பிற்பாடு 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோது பத்திரிகைகளில் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்றெல்லாம் படித்தேன். அந்த அம்மாளுக்கு அது எதுவுமே வட்டி இல்லை என்பதை மட்டும் எங்கும் பார்க்கவில்லை.

இந்தக் கணக்குப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். ராத்திரி பலகையெல்லாம் போட்டு அடைத்த பிறகு, அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் பற்று நோட்டில் எழுதுவேன். "மேலத்தெரு தையக்காரர், அரைப்படி அரிசி. போஸ்ட்மேன் வீடு, சீமெண்ணெய் அரை பாட்டில், பேர் வேண்டாம், 'போ.மே.'ன்னு போடு, அந்தப் பொம்பள வெக்கப்படும்." 1967இல் கடையை மூடினார். வராத பற்று 1,140 ரூபாய். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. போ.மே. கடைசி வரை கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

தொழிலைப் பற்றி ரேடியோவில் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. சில தொழிலுக்குச் சத்தமே கிடையாது. மேலப்பாளையம் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். மாட்டுத் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கை என்றால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். வெளியே முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது. படியவில்லை என்றால் அதே மாட்டை அடுத்த ஆளிடம் புதிதாகப் பேசலாம், யாருக்கும் முகம் கெடாது. என் டேப்பில் விழுந்ததெல்லாம் மாட்டு மணியும் நாலு நிமிஷ மௌனமும்தான்.

"எங் கையைப் புடிச்சு ஒரு தரம் சொல்லிக் காட்டுங்க" என்று தரகரிடம் கேட்டேன். மனுஷர் பதறிப்போனார். "பொம்பளக் கையைப் புடிச்சு வெல பேசுனதில்லம்மா. கூட வந்த தம்பியக் குடுங்க." கூட வந்தது எங்கள் ஜீப் டிரைவர். துண்டைப் போட்டார்கள். டிரைவர் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு விரலப் புடிக்காரு… விட்டுட்டாரு… இப்ப முழுக்கையும் புடிக்காரு… அய்யய்யோ, அவ்வளவெல்லாம் எங்கிட்ட இல்லண்ணே!" சந்தையே சிரித்தது. பதினெட்டு வருஷத்தில் என் நிகழ்ச்சிகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன், அதில் என் குரல் மொத்தம் நாற்பது விநாடி.

இவர்களை "எளிய மனிதர்கள்" என்று உங்கள் இணைப்பு எழுதுகிறது. அந்தத் தரகர் ஒரு நாளில் முப்பது நாற்பது மாட்டின் பல்லைப் பார்த்து, விலையை மனசில் வைத்து, யாரிடம் எது சொன்னோம் என்று மறக்காமல், சாயங்காலம் தரகை எண்ணி வாங்குகிறவர். அவரிடம் எளியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

சாமான் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பழைய ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். எங்களிடம் இருந்தது யூஹர் ரெக்கார்டர், ஜெர்மன்காரன் செய்தது. டார்ச்சுக்குப் போடுகிற கட்டை பேட்டரி ஐந்து விழுங்கும். ஐந்து அங்குல ஸ்பூல், அதாவது டேப் சுருள், சரியான வேகத்தில் ஓடினால் பதினாறு நிமிஷம், தீர்ந்தது. அதனால் யாரையும் மணிக்கணக்கில் பேசவிட முடியாது. முதலில் மைக் இல்லாமல் அரை நாள் உட்கார்ந்திருப்பேன். தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன்னே போய்விட்டு, காலை வெயில் ஏறின பிறகு பூக்காரியின் தட்டு பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பூவை எடையில் வாங்குகிறாள், முழத்தில் விற்கிறாள். முழம் என்பது அவள் கை. குட்டைக் கைக்காரிக்கு அதே பூவில் முழம் கூட வரும், நெடுங்கைக்காரிக்கு நஷ்டம். இதை எந்த அளவைத் துறையும் முத்திரை போட்டதில்லை. "ஆளுக எங் கையப் பாத்துட்டுத்தான் வாங்குவாக. கேட்டா நாலு விரக்கட கூட விட்டுருவேன்" என்றாள். அரை நாள் உட்காராமல் நேரே மைக்கை நீட்டியிருந்தால் "பூ வியாபாரம் நலிந்து வருகிறது" என்று சொல்லியிருப்பாள். மைக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் தொழில் நலிந்துவிடும்.

இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று எனக்கு மேலிருந்த ஓர் அதிகாரி கேட்டார். பாட்டு போட்டால் ஜனம் கேட்கும் என்பது அவர் கட்சி. நான் தஞ்சாவூர்க்காரர்களைச் சாட்சிக்கு இழுத்தேன். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லச் சொல்ல, அதைக் கேட்டு நட்டவர்கள் அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பேர் வைத்துவிட்டார்கள். வேலை செய்கிறவன் வேலையைப் பற்றிக் கேட்பான். இன்றைக்குத் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை, அது தெரியும். ஆனால் ஒரு பூக்காரியின் முழத்தைப் பற்றிப் பேச யாரும் தடை போடவில்லை.

அந்த அதிகாரிக்கு என்மேல் இன்னொரு வருத்தம். 1994இல், காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஒருவரைப் பதிவு செய்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் கட்டணத்தில் கால்வாசிதான் என்பதால் பத்தே முக்காலுக்கே வரிசை நிற்கும். பம்பாயில் மகன் இருக்கிற கிழவிகள்தான் அதிகம். அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த எண் விழப்போகிறது என்றால் கண்ணாடியில் விரலால் ரெண்டு தட்டு தட்டுவார். உள்ளே கிழவி "சரிய்யா வச்சிருதேன்" என்று வைத்துவிடுவாள். தட்டாமல் இருந்திருந்தால் அவருக்குத்தான் வருமானம். ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தட்டலேன்னா மறுநா அடுத்த பூத்துக்குப் போயிரும்" என்றார். இரக்கம் என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அடித்தேன்.

2003 மே மாதம் முதல் கைப்பேசிக்கு வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றானது. அடுத்த வருஷம் அந்த வழியாகப் போனபோது பூத் இருந்தது, வரிசை இல்லை. கேள்வியை அதேபோலக் கேட்டேன். காலையில் கையில் இருந்தது ஐம்பது ரூபாய் சில்லறை. ராத்திரி எண்ணினால் எண்பத்தேழு. வாடகைக்கு என்ன செய்கிறார், கண்ணாடிக் கூண்டை யார் வாங்குவார், மனைவியிடம் எப்போது சொல்லப்போகிறார் என்று பேசினார். நேயர்களுக்கு நம்பிக்கை தருகிற மாதிரி முடிவை மாற்றச் சொன்னார் அதிகாரி. மாற்ற ஒன்றும் இல்லை, அவரிடம் அதற்கு மேல் திட்டம் கிடையாது. எப்படியோ ஒலிபரப்பாகிவிட்டது.

அதற்குத்தான் என் வாழ்நாளிலேயே அதிகமான அஞ்சலட்டைகள் வந்தன. அப்போது அட்டை ஐம்பது பைசா ஆகியிருந்தது, அப்படியும். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர், வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். யாரும் ஆறுதல் கேட்கவில்லை. ஆளாளுக்கு மூடின தேதி, அன்றைக்கு நின்ற பாக்கி, சாமானை என்ன விலைக்குத் தள்ளினோம் என்று எழுதியிருந்தார்கள். டைப்ரைட்டிங்காரர் ஒரு மிஷினை மட்டும் விற்கவில்லையாம், அட்டையையே அதில்தான் அடித்திருந்தார்.

சொல்ல வந்தது இதுதான், ஐயா. உங்கள் வணிகப் பக்கத்தில் மூடின கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் பஜாரில் நடந்து போனால் மூன்று கடைக்கு ஒன்று பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. ஜெயித்தவரை மட்டும் கேட்டு எழுதினால், நகையை அடகு வைத்தால் நாற்பது கிளை வரும் என்று ஆகிவிடும். அதே நகையை அதே பேங்கில் வைத்துவிட்டு மீட்க முடியாதவர்கள் உங்கள் பத்திரிகையை வாங்கித்தான் பொட்டலம் மடிக்கிறார்கள்.

ஜெயிப்பு தோற்பு இரண்டையும் விட்டுவிட்டாலும் எழுத எவ்வளவோ இருக்கிறது. நான் கோவில்பட்டியில் இருக்கிறேன், தீப்பெட்டியைச் சொல்லாமல் விடமுடியாது. 1995இல் ஐம்பது பைசா. 2007இல் ஒரு ரூபாய். பிறகு 2021 டிசம்பர் 1ஆம் தேதி வரைக்கும் பதினான்கு வருஷம் அதே ஒரு ரூபாய். மெழுகு ஏறியது, அட்டை ஏறியது, கூலி ஏறியது, பெட்டி மட்டும் ஏறவில்லை. அது இரண்டு ரூபாய் ஆனபோது பத்திரிகைகளில் "விலை இரட்டிப்பு" என்று நாலு வரி வந்தது. ஏன் ஒன்றேகால் ஆகவில்லை, ஒன்றரை ஆகவில்லை? கால் ரூபாய்க் காசு 2011 ஜூன் மாதக் கடைசியோடு செல்லாமல் போய்விட்டது. ஐம்பது பைசா சட்டப்படி செல்லும், பெட்டிக்கடையில் செல்லாது. விலையை ஏற்றவேண்டும் என்றால் ஒரே எட்டில் இரண்டு ரூபாய்க்குத்தான் தாண்டவேண்டும், இடையில் படியே கிடையாது. ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லை என்றால் கடைக்காரர் தீப்பெட்டியைத்தானே மீதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்? பதினான்கு வருஷம் அது பாதி காசாகவே புழங்கியது. இரண்டு ரூபாய் ஆனதும் அந்த உத்தியோகம் மிட்டாய்க்குப் போய்விட்டது. இந்தக் கதைக்கு நீங்கள் யாரையும் தேடி மும்பைக்குப் போக வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை போதும்.

வாரம் கால் பத்தி ஒதுக்குங்கள். ஒரு தொழில், ஒரு நாள், காலையில் கையில் இருந்தது, ராத்திரி கையில் இருந்தது, நடுவில் நடந்தது. படம் வேண்டாம், போட்டே ஆகவேண்டும் என்றால் கையைக் கட்டச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அந்த நேரத்தில் கையில் வேலை இருக்கும். இந்தக் கடிதம் நீண்டுவிட்டது. வெட்டிக்கொள்ளலாம். நானும் பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டியே காலம் கழித்தவள், வருத்தப்படமாட்டேன். எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இளம் நிருபர் யாருக்காவது கேட்டுப் பார்க்க ஆசை இருந்தால் என்னிடம் பதினொரு நிகழ்ச்சி இருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டன. டேப் விலை கூடின சரக்கு. ஒலிபரப்பானதும் அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது அந்தக் கால வழக்கம், நானே எத்தனையோ அழித்திருக்கிறேன். இந்தப் பதினொன்றும் வீட்டு ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து என் தங்கை பிடித்தவை. தரகர் இருக்கிறார், வட்டிக்காரர் இருக்கிறார். பூத்காரர் நிகழ்ச்சியில் நடுவே எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

கேசட்டை வெளியே அனுப்பமாட்டேன், வீட்டுக்கு வந்து கேட்கலாம். ஒரே இடைஞ்சல், பிளேயரில் பெல்ட் அறுந்து கிடக்கிறது. மெயின் ரோட்டில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் கடையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். உங்கள் வாசகர்களில் யாரிடமாவது அந்தப் பெல்ட் இருந்தால், அல்லது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால், பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள். விலையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலித் தயாரிப்பாளர்,
கோவில்பட்டி